வெளிப்பக்கம் திறக்கும் கதவு

ஜன்னல் அளக்க வந்தவர் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சிமெண்டு மூட்டைகளைச் சுற்றிக்கொண்டு நேராகப் பின்னால் போய், குளியலறை வாசலில் நின்றார். கதவு இன்னும் மாட்டவில்லை. வெறும் நிலை மட்டும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. பூச்சு வேலை முடிந்து, தரை போட ஆள் வரக் காத்திருந்தோம்.

"கதவு எந்தப் பக்கம் திறக்கும்?" என்று கேட்டார்.

"உள்பக்கந்தான்க்கா. எல்லா வீட்லயும் அப்படித்தான?" என்றேன்.

"எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்றார். கழுத்தில் கிடந்த டேப்பை உருவி நிலையின் அகலத்தை அளந்தார். "கொத்தனார்ட்டச் சொல்லி நிலையைப் பேத்துத் திருப்பி வையி. வெளிப்பக்கமாத் திறக்கணும். ஸ்கிரீனப் பொறவு பாத்துக்கலாம்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நாங்கள் அவரை வரச்சொன்னது நாலு ஜன்னலுக்கும் ஒரு வாசலுக்கும் ஸ்கிரீன் தைக்க. வைத்த நிலையைப் பேர்ப்பதென்றால் கொத்தனார் என்ன பேசுவார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அளவெடுக்கும் நோட்டில் முதல் வரியாக 'பாத்ரூம் நிலை' என்று எழுதி, அதன் கீழே ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் ஜன்னல் பக்கம் வந்தார்.

அப்போது நாங்கள் ராஜபாளையத்தில் வாடகைக்கு இருந்தோம். அவர் வீடு அடுத்த தெரு. எல்லாரும் டெய்லரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லியான உருவம், கறுப்பு நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, தோளில் ஒரு ஜோல்னாப் பை. அந்தப் பையில் டேப், சாக்கட்டி, ஸ்கிரீன் கம்பி மாட்டும் கொக்கிகள், இரண்டு ஸ்குரூ டிரைவர். ரவிக்கை தைப்பதை எப்போதோ விட்டுவிட்டார். வீடுகளுக்குப் போய் அளவெடுத்து ஸ்கிரீன் தைத்து, அவரே ஸ்டூல் போட்டு ஏறிக் கம்பி மாட்டிக் கொடுப்பார். மில்லில் வேலை பார்த்த கணவர் இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளைச் சேலையில் கோயிலுக்குப் போவார், வேதப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு. மற்ற ஆறு நாளும் அடுத்தவர் வீடுகளில்தான் இருப்பார்.

ஸ்கிரீன் தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. மடிப்பு எல்லாம் ஒரே அளவில் விழும். துணி தரையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் நிற்கும். ஆனால் ஊருக்குள் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் யாரும் ஸ்கிரீனில் ஆரம்பிக்க மாட்டார்கள். "அந்தக்காவா? வந்தா நேரா பாத்ரூமுக்குள்ளல்லா போவாவ!" என்று சிரிப்பார்கள்.

போவார்தான். எந்த வீடானாலும் குளியலறைக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பார். தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். கீலை எந்தப் பக்கம் முடுக்கியிருக்கிறார்கள் என்று குனிந்து பார்ப்பார். தரையில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் வெறுங்காலைத் தேய்த்துப் பார்ப்பார். அளவெடுக்க நேரில் வர முடியாத தூரத்து வீடுகளிடம், "வாட்ஸாப்புல படம் அனுப்புங்க. ஜன்னல் படம் நாலு, பாத்ரூம் கதவுப் படம் ஒண்ணு" என்பார். எதற்கு என்று கேட்டால் பதில் வராது. படம் வந்ததும் போன் வரும். "அந்தத் தாழ்ப்பாள மாத்திருங்க."

எல்லாரும் சிரித்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. எங்கள் தெருவில் ஒரு வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். புதுச் சுண்ணாம்பு அடித்து, ஸ்கிரீன் தைக்க இவரைக் கூப்பிட்டார்கள். இவர் வழக்கம்போலக் கதவைப் பார்த்துவிட்டு, "உள்ள யாராச்சும் விழுந்துட்டா எப்படித் திறப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். கல்யாண வீட்டில் கேட்கிற கேள்வியா அது. அந்த அம்மா வாசல் வரைக்கும் சத்தம் போட்டுக்கொண்டே வந்தாள்.

"நல்ல காரியம் நடக்கப் போற வீட்ல என்ன பேச்சு பேசுதா பாருங்க! எங்க வீட்ல எழவு விழணும்னு பாக்கியா?"

நான் எதிர் வரிசையில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் டேப்பை விரலில் நிதானமாகச் சுற்றிப் பைக்குள் போட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு இரண்டு எட்டு நடந்தவர் திரும்பி வந்து, "தரையில மட்டும் ஒரு ரப்பர் மேட்டு போட்டுருங்கம்மா. விருந்தாளுக வருவாவ" என்றார். கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

இன்னொரு முறை, ஒரு கல்யாண மண்டபத்தில், எனக்கே அவரைப் பார்க்கப் பயமாகிவிட்டது. நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டது. திறக்கத் தெரியவில்லை. வெளியே பெரியவர்கள் கூடி நின்று, "அந்தக் கம்பிய இழு கண்ணு, மேல தூக்கி இழு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை உள்ளே அழுதது. பந்தியிலிருந்து கை கழுவ வந்த டெய்லரக்கா அந்த அழுகையைக் கேட்டார். அவ்வளவுதான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், ஓரத்தில் கிடந்த இரும்பு ஸ்டூலைத் தூக்கித் தாழ்ப்பாள் இருந்த உயரத்தில் கதவை இடிக்க ஆரம்பித்தார். நாலாவது இடியில் பலகை பிளந்தது. மண்டப மேனேஜர் ஓடிவந்து கத்தினார். குழந்தையின் அப்பா, "பிள்ள மேல பட்டிருந்தா என்ன செய்வ?" என்று கையை ஓங்கிக்கொண்டு வந்தார். குழந்தை வெளியே வந்ததும் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. பூட்டிய அறையைவிட இவரைக் கண்டுதான் அது அதிகம் மிரண்டிருந்தது.

இவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். சாம்பார் ஒட்டிய கையைக்கூடக் கழுவவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கித் தரையில் வைத்துவிட்டார். "அழுதுச்சுல்லா, அழுதுச்சுல்லா" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியது ஹார்டுவேர் கடையில்.

எங்கள் வீட்டுக் கொத்தனார் திட்டிக்கொண்டே நிலையைத் திருப்பி வைத்துவிட்டார். அடுத்தது கதவு, தாழ்ப்பாள், குழாய். அப்பாவும் எங்களோடுதான் இருந்தார். எழுபத்தைந்து வயது. ரொம்பக் கூச்ச சுபாவம். சட்டை மாற்றுவதென்றால்கூடக் கதவைச் சாத்திக்கொள்வார். வீட்டுச் சாமான் எதிலும் தலையிடாதவர், என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்றே ஒன்று சொன்னார். "பாத்ரூமுக்கு மட்டும் நல்லாக் கனமாப் பித்தளைத் தாழ்ப்பாளா வாங்கிருப்பா. இந்த வாடகை வீட்ல தள்ளுனாத் திறந்துக்குது. கூச்சமா இருக்கு."

ராஜபாளையத்தில் எங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போனேன். கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். தமிழுக்கு நடுவே ஒன்றிரண்டு சொல் தானாக வந்து விழும். எட்டு அங்குல பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துக் காட்டினார். கையில் வாங்கினால் கீழே இழுத்தது. கம்பி வழவழவென்று ஓடிப் போய்ப் பிடித்தது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அப்போது டெய்லரக்கா கொக்கி வாங்குவதற்காக உள்ளே வந்தார்.

"ஏமக்கா, இன்னிக்கு யாரு வீட்டுக் கதவு?" என்று கடைக்காரர் சிரித்தார்.

அக்காவின் பார்வை என் கையில் நின்றுவிட்டது. கிட்டே வந்து தாழ்ப்பாளை வாங்கிக்கொண்டார். எடை பார்ப்பதுபோல உள்ளங்கையில் வைத்திருந்தார்.

"எட்டு இஞ்சு" என்றார். "இதேதான் தம்பி. இதே சைஸு."

கடைக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு வேறு பக்கம் திரும்பி ஆணி டப்பாக்களை அடுக்க ஆரம்பித்தார். அவருக்குக் கதை தெரியும்போல.

"நாங்க மொதல்ல வாடகை வீட்ல இருந்தோம்லா. அங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பாளே கெடையாது, ஒரு கயித்த ஆணில சுத்திக்கிடணும். எனக்கு அம்புட்டு வெக்கமா இருக்கும். பொறவு ரெண்டு ரூம்பு போட்டுச் சொந்தமாக் கெட்டுனோம். எல்லாத்தையும் அவிய பாத்து வாங்குனாவ. பாத்ரூம் தாழ்ப்பாள மட்டும் நான் வாங்குதேன்னு நானே வந்தேன். கடையில இருக்கதுலயே கனமானது எதுன்னு கேட்டு வாங்கினேன். இவுக அப்பாதான் அப்ப கல்லால இருந்தாவ. கதவும் நல்ல தேக்குப் பலகை. உள்பக்கமாத் திறக்குத மாதிரி."

தாழ்ப்பாளின் கம்பியை இழுத்தார், தள்ளினார். அது சத்தமில்லாமல் ஓடியது.

"மில்லு விட்டு வந்து மத்தியானம் குளிக்கப் போனாவ. உள்ள சத்தம் கேட்டுச்சு. தள்ளிப் பாத்தேன், அசையல. ஆளுக வந்தாவ. தாழ்ப்பாள உடைச்ச பொறவும் கதவு திறக்கல தம்பி. கதவுலயே சாஞ்சு விழுந்து கெடந்தாவ. தள்ளுனா அவிய மேலதான் இடிக்கும். கடப்பாரை கொண்டாந்து பலகையப் பேத்து எடுக்க இருபது நிமிசம் ஆச்சு."

கடைக்காரர் டப்பாக்களை அடுக்குவதை நிறுத்திவிட்டார்.

"நானே பாத்துப் பாத்து வாங்குனது" என்று மறுபடி சொல்லிவிட்டு, அதை மேசைமேல் வைத்தார். பிறகு சட்டென்று ஸ்கிரீன் அளக்கும்போது வருகிற குரலுக்கு மாறி, கடைக்காரரிடம் ஒரு பூட்டை எடுக்கச் சொன்னார். உள்பக்கம் திருகுவதற்கு ஒரு குமிழ், வெளிப்பக்கம் காசு நுழைகிற மாதிரி ஒரு கீறல். அவசரத்துக்கு வெளியிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை நுழைத்துத் திருப்பினால் திறந்துவிடும். நாலைந்து பூட்டுகளை வாங்கி, ஒவ்வொன்றிலும் நாணயத்தைப் போட்டுத் திருப்பிப் பார்த்தார். இரண்டை ஒதுக்கினார், கீறல் ஆழம் பத்தாது, அவசரத்தில் காசு வழுக்கும் என்று. ஒன்றை என் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொன்னார். திறந்தேன். "இது போதும்" என்றார். சுவரில் பிடித்து எழுந்திருக்க ஒரு ஸ்டீல் கம்பி, அதையும் வழவழப்பானது வேண்டாமென்று, பிடி கிடைக்கிற சொரசொரப்பானதாக அவரே எடுத்தார். தரைக்கு மூன்று வகை டைல்ஸ் மாதிரிகளைக் கீழே போட்டு, கடைக்காரரின் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்து, ஈரக்காலோடு ஒவ்வொன்றாக ஏறி நின்றார். பார்ப்பதற்கு அழகாயிருந்ததைத் தள்ளிவிட்டு மங்கலான ஒன்றைக் காட்டினார்.

அப்பாவைச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான். வெளியிலிருந்து திறக்கலாம் என்றதும் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. இவர் எதிரே தரையில் உட்கார்ந்து, "ஐயா, நீங்க உள்ள இருக்கப்ப ஒருத்தரும் தொட மாட்டாவ. ஒங்க மகன் 'அப்பா'ன்னு கூப்பிடுவாரு. நீங்க 'இருக்கேன்'னு சொல்லுங்க, போதும். ரெண்டு தடவ கூப்பிட்டும் நீங்க சொல்லலன்னாத்தான் காசு எடுப்பாரு" என்றார். அப்பா யோசித்துவிட்டு, "நான் சத்தமாவே சொல்லுதேன்மா" என்றார்.

அப்படியே நடந்தது. புது வீட்டுக்கு வந்த பிறகு ஆறு வருடம் தினமும் காலையில் நான் கூப்பிடுவேன், அவர் உள்ளேயிருந்து "இருக்கேன்" என்பார். சில நாள் எரிச்சலோடு சொல்வார். சில நாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே சொல்லிவிடுவார். கடைசி வருடம் புரட்டாசிச் சனிக்கிழமைக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்குப் போனபோது மலைப்படி ஏற முடியாமல், அடிவாரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அதற்கடுத்த மாதம் ஒரு காலையில் நான் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன்.

சட்டைப் பையில் நாணயம் இருந்தது. கை தானாகச் செய்தது. கதவு வெளிப்பக்கமாக வந்துவிட்டது. அப்பா சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. துண்டை எடுத்து மேலே போர்த்தினேன். என்னைத் தெரிந்தது என்று நினைக்கிறேன். பேசவில்லை. மனைவி ஆட்டோவுக்கு ஓடினாள். நான் பக்கத்தில் ஈரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டபோது அந்தக் கையில் பிடி இல்லை.

டெய்லரக்காவும் இப்போது இல்லை. அப்பா போய் மூன்று வருடம் கழித்து, கண் பார்வை மங்கி, சேத்தூரில் தம்பி வீட்டோடு போய்விட்டார். அங்கே ஒரு நாள் சாயங்காலம், வாசலைப் பார்த்த அறையில், கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கதவு விரியத் திறந்து கிடந்ததாகவும், பக்கத்தில் தம்பி மனைவி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார்கள். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் அவரை நினைத்தால் நினைவுக்கு வருவது அதுவல்ல. அப்பா இறந்த நாலாம் நாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்ததுதான்.

காலை பத்து மணி இருக்கும். ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் வந்து, பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்திருந்தார். மழித்த தலையோடு இருந்த என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். என் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, நான் எதிர்பார்த்தது போலவே எழுந்து குளியலறைக் கதவுக்குப் போனார். பூட்டில் கீறல் இருந்த இடத்தை விரலால் தடவினார். திரும்பி வந்து என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

"பூட்டு திறந்துச்சா?"

"திறந்துச்சுக்கா."

"எம்புட்டு நேரமாச்சு?"

"ரெண்டு தடவ கூப்பிட்டேன். உடனே திறந்துட்டேன். ஒரு நிமிசம்கூட இருக்காது."

"உசுரு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அஞ்சு நிமிசம் இருந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டினார். அந்த மூன்று நாளும் நான் அவரிடம் சொல்வதற்காக ஒன்றை மனதுக்குள் வைத்திருந்தேன். என் துக்கத்தில் அவருக்குக் கொடுக்கத்தக்கது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். "டாக்டர் சொன்னாருக்கா. ஆஸ்பத்திரிக்குள்ளயே விழுந்திருந்தாலும் காப்பாத்தியிருக்க முடியாதாம். அம்புட்டுப் பெரிய அட்டாக்காம். கதவு திறந்தும் ஒண்ணும் செய்ய முடியலக்கா. அன்னைக்கு ஒங்க வீட்லயும்..."

அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்க டாக்டரும் அன்னைக்கே அதத்தான் சொன்னாவ தம்பி" என்றார் அமைதியாக. "எனக்குத் தெரியும். திறந்திருந்தாலும் அவிய பொழச்சிருக்க மாட்டாவ."

எனக்குத் திகைப்பாக இருந்தது. இத்தனை வருடம் வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கியது, பின்னே எதற்கு?

"ஒங்கப்பா கூப்பிட்டாவளா?" என்று கேட்டார்.

"இல்லக்கா. சத்தமே இல்ல."

"அவிய கூப்பிட்டாவ."

மனைவி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மொதல்ல 'கதவத் திற'ன்னாவ. நாந்தான் வெளிய பூட்டிட்டேன்னு நெனச்சுட்டாவ போல. 'ஏட்டி, கதவத் திற, வெளையாடாத'ன்னாவ. பொறவு எம் பேர மட்டும் சொன்னாவ. சொல்லிக்கிட்டே இருந்தாவ. நான் இங்கனதான் இருக்கேன், இங்கனதான் இருக்கேன்னு பலகையில கைய வச்சுக்கிட்டே நின்னேன். ஒரு விரக்கடக் கனந்தான் பலகை தம்பி. அதுக்கு அங்கிட்டு அவிய தல. நான் சொன்னது அவிய காதுல விழுந்துச்சா இல்லையான்னு தெரியல. ஆளுக கதவ இடிச்ச சத்தத்துல பொறவு ஒண்ணும் கேக்கல."

இதை அதற்கு முன் யாரிடமும் அவர் சொன்னதில்லை என்று எனக்குத் தோன்றியது. அழவில்லை. கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அது இல்லாமல் அவர் முகத்தை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீ அப்பா கையப் பிடிச்சுக்கிட்டியா?" என்று கேட்டார்.

"பிடிச்சுக்கிட்டேன்க்கா."

"சூடா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"எந்தக் கை?"

அப்பாவின் எந்தக் கை என்று கேட்கிறார் என நினைத்து யோசித்தேன். அவர் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலக்கையை நீட்டினேன். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன தன் இரண்டு கைகளுக்குள்ளும் அதை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டார். மனைவி காப்பியைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். காப்பி ஆறி ஆடை படிந்தது. அவர் கையை விடவில்லை. நானும் எடுக்கவில்லை.